மூன்றாம் ரோலருக்கு ஒரு நிமிடம்

செய்தி வந்தபோது காலை ஆறு நாற்பது. பாய்லரின் அழுத்தம் காட்டும் முள் நான்கைத் தாண்டி ஐந்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேன் வழக்கம்போல் பின்வாசலில் வந்து நின்றது. ஆனால் வேன்காரர் அழுக்கு மூட்டைகளை இறக்காமல் நேராகப் பாய்லர் அறைக்குள் வந்தார். சூடு ஆகாது என்று பத்து வருடமாக அந்த வாசற்படியை மிதிக்காத மனிதர்.

"அண்ணே, உங்க மூணாம் ரோலர் அக்கா… ஒலிபெருக்கின்னு கூப்பிடுவீங்களே… அவங்க போயிட்டாங்கண்ணே."

"எங்க போனா?" என்றார் பாய்லர் அண்ணன்.

வேன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் நகரசபை ஆபீஸ் முன்னால உக்காந்திருந்தாங்க இல்ல, தண்ணிக்கு. காவலாளுங்க தள்ளிவிட்டதுல நடைபாதை ஓரத்துக் கல்லு மேல விழுந்திருக்காங்க. தலையில அடி. விடியக்காலை நாலு மணிக்கு முடிஞ்சுபோச்சு. நான் பாத்தேன். நம்ம விரிப்புதான் போத்தியிருந்தாங்க. மூலையில நம்ம முத்திரை இருந்துச்சு."

பாய்லர் அண்ணன் முள்ளைப் பார்த்தார். முள் ஐந்தைத் தொட்டது. ஐந்தைத் தொட்டால் வால்வைத் திறக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. கை எழுந்து சக்கரத்தைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றியது. நீராவி சீறிக்கொண்டு குழாய் வழியாகக் கூடத்துக்கு ஓடியது. அங்கே விரிப்புகளைத் தேய்க்கும் ஐந்து ரோலர்களும் சூடேறத் தொடங்கும். ஏழு மணிக்குப் பெண்கள் வருவார்கள். மூன்றாம் ரோலரில் விரிப்பின் ஒரு மூலையைப் பிடிக்க ஆள் இருக்காது.

ஊரின் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. நூற்று நாற்பது பேர் வேலை செய்தார்கள். பாய்லர் அண்ணன் இருபத்தேழு வயதில் அங்கே சேர்ந்தார். சேர்ந்த மாதமே அப்போதிருந்த ஐம்பது வயது மெக்கானிக் அவரை அண்ணே என்று கூப்பிட்டார். அன்று முதல் அவர் எல்லோருக்கும் அண்ணன். குரலை உயர்த்தமாட்டார், யாரையும் கடிந்து பேசமாட்டார். கூடத்தில் நடக்கும் சண்டைகளெல்லாம் மதியம் பாய்லர் அறைக்கு வந்து சேரும். இரண்டு தரப்பையும் முழுதாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்பார். வந்தவர்கள் பாதி சமாதானத்தோடு போவார்கள். அவர் மனைவி மட்டும் இதை ஒத்துக்கொண்டதில்லை. "உங்களை நடுவுல நிறுத்தினா ரெண்டு பக்கமும் ஜெயிச்சுடும். நியாயம்தான் தோத்துப்போகும்" என்பாள்.

அந்த ஊரில் இரண்டு பக்கம் என்றால் மேடும் ஓடையும். மேட்டுத் தெருக்களில் குழாய் உண்டு. ஓடைப் பக்கத்தில் கிடையாது. ஓடைப் பக்கத்து ஆட்களுக்கு மேட்டில் வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "ஓடைக்காரங்க" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லே காரணம் என்பதுபோல. ஆலைக்குள் மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. பழைய முதலாளி அதை வைத்ததில்லை. வேலைக்கு வருகிறவரிடம் எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஓடைப் பக்கத்துப் பெண்களுக்கு ஊரில் முதன்முதலாகக் கூரையின் கீழ் வேலை கொடுத்தது அந்த ஆலைதான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இரண்டு பக்கமும் தண்ணீருக்காகக் கல்லெறிந்து சண்டை போட்டன. ஒரே வாரத்தில் ஆலைத் தொழிலாளிகள் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் மேடு, ஒருவர் ஓடை. முதலாளி பாய்லர் அறைக்கு வந்து பழைய டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "யாருக்கு இரங்கல் பேசறதுன்னு தெரியலை. இவனுக்குப் பேசினா அவன் அடிப்பான், அவனுக்குப் பேசினா இவன் அடிப்பான். பேசாம இருந்தா எனக்கே அசிங்கமா இருக்கு."

அப்போது முப்பத்தாறு வயதான பாய்லர் அண்ணன் சொன்னார்: "பேச வேண்டாங்கய்யா. மெஷினை நிறுத்துங்க. ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு நிமிஷம். நான் நீராவியை மூடறேன்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. யார் இறந்தாலும் மறுநாள் பதினோரு மணிக்கு நிறுத்தம். பேச்சு இல்லை, பூ இல்லை. பத்து ஐம்பத்தேழு ஆனதும் ரோலருக்குள் புது விரிப்பு விடமாட்டார்கள். சூடான ரோலருக்கு அடியில் துணி நின்றால் கருகிவிடும் என்பதால் உள்ளே இருப்பது வெளியே வந்து முடிய மூன்று நிமிடம். பதினோரு மணிக்குப் பாய்லர் அண்ணன் வால்வை மூடுவார். நாள் முழுக்க அந்தக் கட்டடத்தின் மூச்சுபோல ஓடிக்கொண்டிருக்கும் சீறல் சட்டென்று அடங்கும். அதுதான் சைகை. மேற்பார்வையாளர் பொத்தானை அழுத்த, ஐந்து ரோலர்களும் நிற்கும். ஒரு நிமிடம் கழித்து வால்வு திறக்கும். பத்தொன்பது பேருக்கு அப்படி நிறுத்தியிருக்கிறார். மாரடைப்பு, லாரி விபத்து, பிரசவம், குடி. எப்படிச் செத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவர் மனதுக்குள் வைத்திருந்தது இதைத்தான்.

ஒலிபெருக்கி வேலைக்கு வந்து ஒன்பது வருடம். ரோலர் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். இவள் வெளியே வந்த பிறகும் அந்தச் சுருதியை இறக்கமாட்டாள். பேருந்து நிறுத்தத்தில் இவள் ரகசியம் பேசினால் எதிர்ச்சாரிக் கடைக்காரர் பதில் சொல்வார். மூன்றாம் ரோலரில் விரிப்பின் இடது மூலை அவளுடையது. வலது மூலை கண்ணாடியக்காவுடையது. கண்ணாடியக்கா மேட்டுத் தெரு. பாய்லர் அண்ணன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. மூக்குக் கண்ணாடி நீராவியில் மங்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே துடைப்பவள். இருவரும் ஏழு வருடமாக ஒரே விரிப்பின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"ஏன்டி, உங்களுக்குக் குழாய் போட்டா எங்க குழாய்ல வெறும் காத்துதான் வரும்."

"வரட்டுமேக்கா. எங்களுக்கு அதுகூட வரலையே."

"அப்புறம் நாங்க என்ன பண்றது?"

"எங்க பக்கம் வா. தள்ளுவண்டில எட்டுக் குடம் வச்சு எப்படித் தள்றதுன்னு கத்துத் தரேன். இடுப்பு நல்லா இறங்கும்."

"வாயைப் பாரு! மூலையை இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."

"சுருக்கம் உன் மூஞ்சிலக்கா. விரிப்பு நல்லாத்தான் இருக்கு."

விரிப்பில் சுருக்கமோ கோடோ விழுந்தால் ஒலிபெருக்கிக்குப் பொறுக்காது. ரோலரைச் சுற்றி, விரிப்பை வழி நடத்துவதற்கு வரிசையாக நாடாக்கள் ஓடும். ஒரு ரோலருக்குப் பதினாறு. நாடா நைந்தால் அது போகும் வழியில் விரிப்பின் மேல் மெல்லிய கோடு விழும். மாற்ற வேண்டியவர் மெக்கானிக். அவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஒரு பருவத்தை ஓட்டிவிடுவார். அதனால் மூன்றாம் ரோலர் நாடாக்களை அவளே மாற்றப் பழகியிருந்தாள். ஷிப்ட் முடிந்து ரோலர் ஆறிய பிறகு, குந்தி உட்கார்ந்து, பழையதை அவிழ்த்துப் புதியதைக் கோத்து முடிச்சுப் போடுவாள்.

நான்கு வாரத்துக்கு முன் அவள் பாய்லர் அறைக்கு ஒரு கடிதத்தோடு வந்தாள். நான்காக மடித்த கோடு போட்ட தாள். ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் ஓடைப் பக்கத்துத் தெருவுக்கு அடியில்தான் போகிறது. அதிலிருந்து ஒரு கிளை பிரித்துத் தெருமுனையில் நான்கு குழாய் வைக்கச் சபை மறுக்கிறது. ஆலைக்காரர்கள் 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, எங்கள் தொழிலாளர்கள் முப்பத்திரண்டு பேர் அங்கே வசிக்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சபை மறுபடி யோசிக்கும். அவ்வளவுதான் கடிதம்.

"அண்ணே, நீங்க குடுத்தா மேடம் படிப்பாங்க. நான் குடுத்தா என் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்திடுவாங்க."

மேடம் என்பது பழைய முதலாளியின் மகள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஆலையை அவள்தான் நடத்தினாள்.

"நல்ல நேரம் பாத்துக் குடுக்கறேம்மா" என்றார் பாய்லர் அண்ணன்.

நல்ல நேரம் வரவில்லை. ஒரு நாள் மேடம் அவசரத்தில் இருந்தாள். ஒரு நாள் அவளுக்குத் தலைவலி. ஒரு நாள் சபை ஆட்கள் ஆலையைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கு எப்படிக் கொடுப்பது? கடிதத்தை முதலில் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிறகு ஸ்பேனர் இழுப்பறைக்குள் போட்டார். எப்படியும் மேடம் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாள். கம்பெனி எந்தப் பக்கமும் போகாது என்பது ஊரறிந்தது. வீணாக ஒருத்தி வாயால் மறுப்பைக் கேட்டு இன்னொருத்தி முகம் வாட வேண்டுமா? இப்படியெல்லாம் யோசித்து, இரண்டு பேருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, மூன்றாவது வாரம் ஒலிபெருக்கியிடம் சொன்னார்: "குடுத்தேம்மா. கம்பெனி இதுலெல்லாம் தலையிடாதாம்."

அவள் அன்றைக்குக் கத்தவில்லை. "சரிண்ணே. கேட்டுப் பாத்தீங்களே, அது போதும்" என்றாள். பிறகு, "அப்ப நாங்களே போய் ரோட்டுல உக்காந்துக்கறோம். உக்காரக் கையெழுத்து வேணாமே" என்று சிரித்தாள்.

நேற்று மாலை நான்கு மணிக்கு கிளம்புவதற்கு முன் அவள் நாடா மாற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து, மீதி நாடாக்களைச் சுருட்டி ரோலர் மூடிமேல் வைத்துவிட்டு, பாய்லர் அறை வாசலில் நின்று கூவினாள்: "அண்ணே! மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கறேன்னு மெக்கானிக் மாமாகிட்ட சொல்லுங்க. தொடவேணாம்னு சொல்லுங்க. அவர் முடிச்சு எனக்குப் பிடிக்காது."

ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேரம் பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டும் சின்ன அறிவிப்பு ஒன்பது மணியாகியும் வரவில்லை. பாய்லர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பதினான்கு படி. முழங்கால் ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே வந்தது.

"உக்காருங்கண்ணே" என்றாள் மேடம். அவளுக்கும் அவர் அண்ணன்தான். சின்னப் பெண்ணாக இருந்தபோது பாய்லர் அறைச் சுவரில் கரியால் படம் வரைந்தவள்.

அவர் உட்காரவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு நிறுத்தணும். அறிவிப்பு இன்னும் வரலை."

"வராதுண்ணே." அவள் கண்கள் சிவந்திருந்தன. தூங்கவில்லை என்று தெரிந்தது. "சபை ஆபீஸ்ல இருந்து ஏழு மணிக்கே போன் வந்துடுச்சு. நேத்து நடந்தது தடை செஞ்ச கூட்டமாம். அதுல செத்தவங்களுக்கு மரியாதை பண்ணா, கூட்டத்துக்கு ஆதரவுன்னு எடுத்துக்குவாங்களாம். நாலு ஆஸ்பத்திரில மூணு அவங்களுது. நான் என்ன பண்ண?"

"நாம ஒண்ணும் பேசப்போறதில்லையேம்மா. பத்தொம்பது பேருக்கு நிறுத்தியிருக்கோம். ஒரு வார்த்தை பேசினதில்லை."

"அவங்க நோய்ல போயிருந்தா நானே முதல்ல நிறுத்துவேன்."

"நோய்ல செத்தாத்தான் நிறுத்துவோம்னு நாம எங்கயும் எழுதி வைக்கலையே."

மேடம் ஜன்னலைப் பார்த்தாள். "கீழ பாதிப் பேரு மேட்டுத் தெருண்ணே. ஓடைக்குக் குழாய் வந்தா தங்களுக்குத் தண்ணி போயிடும்னு பயந்துகிட்டு இருக்காங்க. நான் இவங்களுக்கு நிறுத்தினா, நாளைக்கு அவங்க வந்து எங்களுக்கு என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நியாயம் இருக்கு. நான் சலவை ஆலை நடத்தறேனா, பஞ்சாயத்து நடத்தறேனா? நான் பயப்படறேன்னு நெனைக்கறீங்க. ஆமா, பயம்தான். நூத்தி நாப்பது பேரு சோத்துக்குப் பயம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்ற பழைய வாக்கியம் அவர் நாக்குவரை வந்து நின்றது. அதற்குப் பதில் வேறொன்று வந்துவிட்டது.

"அவ கேட்டப்பவே அந்தக் கடிதத்துல ஒரு வரி…"

"எந்தக் கடிதம்?"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"குடுத்திருந்தாலும் நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மெதுவாக. "ஆனா அதை நான் சொல்லியிருக்கணும்ண்ணே. அவங்க என்கிட்ட வந்து சண்டை போட்டிருப்பாங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"ஆமாம்மா."

"நாளைக்கு நிறுத்தம் இல்லை. இது உத்தரவு."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் குழாய் சரியாக ஆறு மணிக்கு வந்தது. மனைவி வாளிகளை வரிசையாக நகர்த்தி நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம், நல்ல பொண்ணு" என்றாள் மனைவி. "அன்னைக்குப் பஸ் ஸ்டாப்ல என் பையைத் தூக்கிட்டு வந்தா. ஊருக்கே கேக்கற மாதிரி, 'அண்ணி, உங்க வீட்டுக்காரர் சிரிப்பாரா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னு சொன்னேன்." வாளியை மாற்றினாள். "கம்பெனி என்ன செய்யுதாம்?"

"ஒண்ணும் செய்யாதாம். எந்தப் பக்கமும் இல்லையாம்."

"நீங்க?"

"நான் எந்தப் பக்கமும் போனதில்லையே."

மனைவி குழாயை மூடினாள். சுவரைப் பார்த்தபடி, "மதில்மேல் பூனைன்னு உங்களை நெனைச்சுக்கறீங்க. நீங்க எப்பவோ இந்தப் பக்கம் குதிச்சாச்சு. போன மாசம் தெருக்காரங்க ஒரு தாளோட வந்தாங்களே, ஓடைக்குக் குழாய் வேணாம்னு. வாசல்ல நின்னுகிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. நானும்தான் போட்டேன்" என்றாள். "வீட்டுக்கு வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு சொன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. பேனாகூட அவர்களுடையதுதான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மறுநாள் காலையில் கண்ணாடியக்கா மூன்றாம் ரோலரில் ஒரு புதுப் பெண்ணோடு நின்றாள். வலது மூலையைப் பிடித்தபடி விரிப்புகளை உள்ளே விட்டாள். அந்தப் பெண் தவறாகப் பிடித்தபோதும் திட்டவில்லை. பாய்லர் அறைச் சுவரில் கூடத்தைப் பார்க்க ஒரு முழ அகலத்தில் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பாய்லர் அண்ணன் கடிகாரத்தையும் ரோலர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பேனர் இழுப்பறை திறந்திருந்தது.

பத்து ஐம்பத்தேழு.

முதலில் கையை எடுத்தது கண்ணாடியக்கா. அடுத்த விரிப்பை வண்டியில் இருந்து எடுக்கவில்லை. பின்னால் ஓர் அடி நகர்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து ஒன்றாம் ரோலர் காலியானது. பிறகு ஐந்தாவது. இரண்டிலும் நான்கிலும் மட்டும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் மேட்டுத் தெருப் பெண்கள். அவர்களுக்கும் பயம், அவர்களுக்கும் பிள்ளைகள். மேற்பார்வையாளர் பொத்தான் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் காது நீராவியில் இருந்தது. நீராவி நிற்காமல் அவர் அழுத்தமாட்டார்.

பதினோரு மணி. சீறல் ஓடிக்கொண்டே இருந்தது.

பாய்லர் அண்ணன் சக்கரத்தின் மேல் கை வைத்திருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கை யோசித்ததே இல்லை. மூன்று ரோலர்கள் வெறுமையாகச் சுற்றின. சுற்றும் ரோலர் முன்னால் பெண்கள் சும்மா நின்றார்கள். அது மரியாதையாகவும் தெரியவில்லை, வேலையாகவும் தெரியவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றார்கள். பதினொன்று ஒன்று. இரண்டு. இரண்டாம் ரோலர்க்காரி ஒருத்தி கண்ணாடியக்காவைப் பார்த்துக் கத்தினாள்:

"என்னக்கா, ஓடைப் பக்கம் குடி போறியா?"

"அவ இடம் காலியாத்தானே இருக்கு" என்றாள் கண்ணாடியக்கா. "போனா என்ன?"

இரண்டாம் ரோலர்க்காரி கையில் இருந்த விரிப்பைப் பார்த்தாள். உள்ளே விடாமல் மடித்து மேசைமேல் வைத்தாள். நான்காம் ரோலர் அதற்குப் பிறகு இரண்டு விரிப்பு ஓட்டியது. அப்புறம் அதுவும் காலி.

பதினொன்று எட்டு. பாய்லர் அண்ணனுக்கு அந்த நேரத்தில் தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். களைப்புதான் இருந்தது. அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதைவிடச் சுற்றிவிடுவது சுலபமாக இருந்தது. மூன்று சுற்று.

சீறல் அடங்கியது. மேற்பார்வையாளர் பொத்தானை அழுத்தினார். ஐந்து ரோலர்களும் முனகி நின்றன. ஈரத்துணி வண்டியில் இருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அந்தக் கூடத்தில் அப்படியொரு சத்தம் இருப்பதே பலருக்குத் தெரியாது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரிய சத்தமாகப் பேசுகிறவளுக்கு அந்த அமைதி கொஞ்சமும் பொருந்தவில்லை. அவர் அறுபது எண்ணினார். அறுபதுக்குப் பிறகு இன்னும் நான்கைந்து எண்ணிவிட்டு வால்வைத் திறந்தார்.

திரும்பிப் பார்த்தபோது மேடம் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாக அவளும் பார்த்திருக்க வேண்டும். அவர் இழுப்பறையில் இருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் எண்ணெய்க் கறை இருந்தது. அவள் அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தாள்.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள். "பேசறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"ஆமாம்மா."

"சபைல இருந்து கேப்பாங்கண்ணே. யாரு நிறுத்தினதுன்னு."

"நான்னு சொல்லுங்க."

"யாருன்னு சொல்றதுல ஒண்ணும் ஆகாது." அவள் கடிதத்தை மடித்தாள். அவரிடம் திருப்பித் தரவில்லை. எங்கே கொண்டுபோனாள், என்ன செய்தாள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஓடைப் பக்கத்துக்குக் குழாய் வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மதியம் மூன்று மணிக்கு மெக்கானிக் ஒரு சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்து வால்வுச் சக்கரத்தில் மாட்டினார். காலையில் திறக்கவும் மாலையில் மூடவும் சாவியை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நேரம் பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. இனி எந்தத் தொழிலாளியின் மரணத்துக்கும், எந்தக் காரணத்தால் ஆனாலும், இயந்திரங்கள் நிறுத்தப்படமாட்டா. நிறுவனம் எல்லோரையும் ஒன்றாகவே நடத்துகிறது.

கண்ணாடியக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "இனிமே நாங்களும் ஓடைக்காரங்கதான்."

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்று பாய்லர் அண்ணன் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை என்று மெக்கானிக் சொல்வார். சண்டைகள் பாய்லர் அறைக்கு வருவதும் மெல்ல நின்றுபோனது. பத்தொன்பது பேருக்கு ஏற்படுத்திய வழக்கத்தை இருபதாவது ஆளோடு முடித்துவைத்தவர் அவர்தான். ஒலிபெருக்கி இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் அவரைக் கேலி செய்திருப்பாள்.

ஷிப்ட் முடிந்த பிறகு அவர் கூடத்துக்குள் போய் மூன்றாம் ரோலர் முன்னால் குந்தினார். முழங்கால் விடவில்லை, எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். மெக்கானிக் தொடவில்லை. நாடாச் சுருள் மூடியின் மேல் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. பதினாறு நாடாக்களில் பதினொன்று வெள்ளை வெளேரென்று புதியவை. இடது ஓரத்து ஐந்து பழையவை.